நீக்கப்பட்டவர்கள் வந்து தங்கிய வீடு

குடிநீர் வாரியத்தின் கணினியிலிருந்து நீக்கப்பட்ட முதல் ஆள், அன்று மாலையே சிஸ்டம் மேடத்தின் வீட்டுக்கு வந்து கதவைத் தட்டினார். ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர் அவர். வழுக்கைத் தலை, இஸ்திரி போட்ட சட்டை, கையில் ஒன்றுமில்லை. கதவைத் திறந்தவளிடம் தன் பெயரையும் பிறந்த தேதியையும் சொன்னார், நூலகத்துக்குப் பின்னால் இருக்கும் தெருவில் ஒரு முகவரியைச் சொன்னார், அரை அங்குலக் குழாய் என்றார், பிறகு செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டார். அதே ரயில் ஓட்டுநர் அதே நேரத்தில் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருந்த தன் புது வீட்டில் மருமகனோடு சீட்டாடிக்கொண்டிருந்தார் என்பது மறுநாள் விசாரித்தபோது தெரிந்தது. அவருக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. ஒரு சட்டை மட்டும் காணாமல் போயிருந்தது, அதையும் அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆற்றுக்கு இந்தப் பக்கத்து ஊரையும் அந்தப் பக்கத்து ஊரையும் ஒன்றாக்கி உத்தரவு வந்த வருடம் அது. இரண்டு ஊருக்கும் தனித்தனியாக இருந்த குடிநீர் வாரியங்களும் ஒன்றாயின. இரண்டு பக்கத்து நுகர்வோர் விவரங்களையும், இரண்டு மூட்டை அரிசியை ஒரே அண்டாவில் கவிழ்ப்பதுபோல, ஒரே கணினியில் கொட்டிவிட்டார்கள். கொட்டிய பிறகுதான் ஒரே ஆள் இரண்டு இடத்தில் இருப்பது தெரிந்தது. அந்தக் கரையில் பிறந்து இந்தக் கரைக்குக் கல்யாணமாகி வந்தவர்கள், வீடு மாற்றியவர்கள், பெயரில் ஓர் எழுத்துக் கூடிப்போனவர்கள் என்று பாதி ஊருக்கு இரட்டைப் பதிவு. கவுண்டரில் கூட்டம் நெரிந்தது. இதைச் சரிசெய்யும் வேலை, வாரியத்தில் கணினி நிரல் எழுதத் தெரிந்த ஒரே ஆளான அவள் தலையில் விழுந்தது. அவளை எல்லாரும் சிஸ்டம் மேடம் என்றுதான் கூப்பிட்டார்கள். சம்பளம் போடுகிறவருக்கு மட்டும் அவளுடைய பெயர் தெரியும்.

பழைய நிரலில், பட்டியலில் இன்ன எண்ணுள்ள வரியை அழி என்று கட்டளை போடுவார்கள், வரி அழியும், அத்தோடு கதை முடிந்தது. சிஸ்டம் மேடம் வேறு மாதிரி எழுதினாள். அவளுடைய நிரலில் ஒவ்வொரு நுகர்வோரும் ஓர் ஆப்ஜெக்ட். பெயர், பிறந்த தேதி, முகவரி, குழாய் அளவு எல்லாவற்றையும் தன் மடியில் கட்டிக்கொண்டு நிற்கிற ஓர் உரு என்று வைத்துக்கொள்ளலாம். அந்த உருவுக்கு மூன்று காரியம் தெரியும்: தன்னைப் பதிவில் சேர்த்துக்கொள்ளும், தன் விவரத்தை மாற்றிக்கொள்ளும், தன்னை நீக்கிக்கொள்ளும். வரியோடு மல்லுக்கட்ட வேண்டாம், ஆளிடமே சொன்னால் போதும். போ என்றால் போவார். பதிவிலிருந்துதான் போவார். கணினியின் நினைவில் அந்த உரு அப்படியே நின்றுகொண்டிருக்கும், இயந்திரத்தை நிறுத்துகிறவரைக்கும். இது நிரல் எழுதுகிற எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. அப்படி நிற்பவர்கள் கால் வலித்தால் எங்கே போவார்கள் என்பதை மட்டும் யாரும் யோசித்திருக்கவில்லை. போகச் சொன்னவளின் வீட்டுக்குப் போனார்கள்.

ரயில் ஓட்டுநருக்குப் பிறகு ஒரு தையல்காரர் வந்தார், அவருக்குப் பின்னால் பள்ளிக்கூடத்து மணியடிப்பவர், பிறகு இரட்டையர் என்று முதலில் எல்லாரும் நினைத்த இரண்டு நர்ஸுகள். விசாரித்தால் அவர்கள் ஒரே நர்ஸின் இரண்டு எழுத்துப்பிழைகள். பதிவை யாராவது கடைசியாகத் தொட்ட நாளில் என்ன வயதோ அந்த வயதிலேயே வந்தார்கள். கட்டங்களில் இருந்தது மட்டுமே அவர்களுக்குத் தெரிந்தது. சாப்பிட்டீர்களா என்று கேட்டால் முக்கால் அங்குலம் என்பார்கள். கொடுத்தால் டீ குடிப்பார்கள், கொடுக்காவிட்டாலும் முகம் சுளிக்க மாட்டார்கள். சனிக்கிழமை மாலை வாரியத்தில் இயந்திரத்தை நிறுத்திச் சுத்தம் செய்வது வழக்கம். நிறுத்திய நிமிடத்தில் அவர்கள் இல்லாமல் போவார்கள், பாதி குடித்த டம்ளர் மட்டும் மேஜைமேல் இருக்கும். சிஸ்டம் மேடம் இதை முறைப்படி மேற்பார்வையாளரிடம் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“ஆபீசுக்கு வர்றாங்களா?”

“இல்ல சார். வீட்டுக்குத்தான்.”

“அப்பச் சரி,” என்றார் அவர். “கவுண்டர்ல ஏற்கெனவே இடமில்ல.”

அவளுக்கு நாற்பத்தேழு வயது. அப்பா விட்டுப்போன வீட்டில் தனியாக இருந்தாள். கூடம், அதையொட்டி இரண்டு அறை, பின்னால் சமையல்கட்டு, அதற்கப்பால் துணி காயப்போட ஒரு முற்றம். இரண்டாவது அறையின் கதவைத் திறந்தே பல வருடமாயிற்று. மாலையில் வீட்டுக்கு வந்து சாவியைப் போட்டால் பூட்டு திறக்கிற சத்தமே தெருவுக்குக் கேட்கும்போல இருக்கும். ரேடியோவைப் போட்டுவிட்டு வேறு அறையில் உட்கார்ந்துகொள்வாள், பக்கத்து அறையில் யாரோ பேசுவதுபோல இருக்கட்டும் என்று. ஆகவே நீக்கப்பட்டவர்கள் வரத் தொடங்கியபோது அவளுக்குப் பயம் வரவில்லை. ஒரு மாதத்துக்குள் புதிதாக ஒரு டஜன் டம்ளர் வாங்கியிருந்தாள். திங்கட்கிழமை காலையில் நிறையப் பேரை நீக்குவாள், அப்போதுதான் அவர்கள் வாரம் முழுவதும் தங்குவார்கள். வெள்ளிக்கிழமை யாரையும் தொடமாட்டாள், ஒரே நாளில் போய்விடுவார்களே என்று. மேற்பார்வையாளர் இதை அவளுடைய வேலை ஒழுங்கு என்று நினைத்து மேலிடத்துக்குப் பாராட்டி எழுதினார். கூடத்தில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து ஆளுக்கொரு முகவரியைச் சொல்லிக்கொண்டிருக்க, அவள் நடுவில் உட்கார்ந்து காய் நறுக்குவாள். பதிலுக்கு அவர்கள் அவளைப் பற்றி எதுவும் கேட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமைகள் முன்னைவிட நீளமாயின.

அவளுக்கு ஒரு தங்கை உண்டு. நடந்து போகிற தூரத்தில், லாரிப் பட்டறை ஒன்றின் மாடியில் குடியிருந்தாள். இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அப்பா படுத்த படுக்கையாகக் கிடந்த காலத்தில், இருபத்துமூன்று வயதில், தங்கை பட்டறைக்காரனைக் கட்டிக்கொண்டு போனாள். போகிற அன்று வாசலில் வைத்து அக்கா சொல்லக் கூடாததைச் சொன்னாள், தங்கையும் தன் பங்குக்குச் சொன்னாள். அதுகூட ஆறிப்போயிருக்கும். அப்பா இறந்தபோது சேதி போகவில்லை. பால்காரரிடம் சொல்லி அனுப்பினேன் என்பது அக்காவின் கட்சி. எந்தப் பால்காரரும் வரவில்லை என்பது தங்கையின் கட்சி. எல்லாம் முடிந்த மறுநாள் வந்து, தெருவிலேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, வீட்டுக்குள் காலை வைக்காமல் திரும்பிப் போய்விட்டாள். பால்காரர் பிறகு வேறு ஊருக்குப் போய்விட்டதால் உண்மை அவரோடு போயிற்று. அக்காவும் தங்கையும் சந்தையில் எதிர்ப்பட்டால் ஒருத்தி தக்காளியை உற்றுப் பார்ப்பாள், இன்னொருத்தி கத்தரிக்காயை.

மழைக்காலம் தொடங்குகிற சமயத்தில் திரையில் அந்தத் தங்கை இரண்டு முறை வந்தாள். ஒன்று பட்டறை முகவரி. மற்றது இந்த வீட்டு முகவரி: உறவு என்ற கட்டத்தில் தங்கை, வீட்டில் உள்ளோர் என்ற கட்டத்தில் மூன்று. அப்பா படுத்ததும் குழாய் இணைப்பை அக்காவின் பெயருக்கு மாற்றியபோது போட்ட பதிவு. அதற்குப் பிறகு யாரும் அதைத் தொடவில்லை. எதை நீக்க வேண்டும் என்பதில் சந்தேகத்துக்கே இடமில்லை, பழையதைத்தான். சிஸ்டம் மேடம் அதை ஒதுக்கிவைத்துவிட்டு அடுத்ததற்குப் போனாள். மறுநாளும் ஒதுக்கினாள். வாரக்கணக்காக அந்த ஒரு பதிவு மட்டும் பல்லில் சிக்கிய நார்போல நின்றது. “இது ஒண்ணு மட்டும் என்ன பாவம் பண்ணிச்சு?” என்று மேற்பார்வையாளர் கேட்டார். அடுத்த திங்கட்கிழமை, அலுவலகம் திறந்ததும் முதல் வேலையாக, அவள் அந்தப் பதிவைப் போகச் சொன்னாள். அன்று முழுக்க அவளுக்கு வேறு வேலை ஓடவில்லை.

மாலையில் அவள் வீட்டுக்கு வந்தபோது ஓர் இளம்பெண் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். நீலச் சட்டை, ஈரம் காயாத தலைமுடி, இடது புருவத்தில் சின்ன வயதில் ஊஞ்சல் இடித்த வெட்டு. மற்றவர்களைப்போல இவள் பெயரையும் தேதியையும் ஒப்பிக்கவில்லை. உறவு என்ற கட்டத்தில் இருந்ததைத்தான் முதலில் எடுத்தாள்.

“அக்கா, கதவைத் திற. எவ்வளவு நேரமா உக்காந்திருக்கேன்.”

சிஸ்டம் மேடத்துக்குச் சாவித் துவாரம் கண்ணுக்குத் தெரியவில்லை. பெண்தான் சாவியை வாங்கித் திறந்தாள்.

அன்று மாலை முழுவதும் அக்கா பேசினாள். ஊஞ்சல் கதை, முற்றத்தில் விழுந்த அணில்குஞ்சைப் பஞ்சில் வைத்து வளர்த்த கதை, தங்கை தூக்கத்தில் எழுந்து அலமாரியைத் திட்டிய கதை. பெண்ணுக்கு எதுவும் நினைவில்லை. ஆனாலும் வாய்விட்டுச் சிரித்தாள், அது தங்கையின் சிரிப்பேதான், கடைசியில் ஒரு விக்கலோடு முடியும். பூட்டிக் கிடந்த இரண்டாவது அறையைத் திறந்து, தூசி தட்டிப் படுக்கை போட்டார்கள். விடிந்ததும் பெண் சமையல்கட்டில் நின்று மூன்று டம்ளரில் டீ ஊற்றிக்கொண்டிருந்தாள். முதல் நாள் பேசியது ஒன்றும் அவளிடம் தங்கியிருக்கவில்லை. ஆப்ஜெக்டிடம் ஆயிரம் சொன்னாலும் பதிவில் ஏற்றாதவரை நிற்காது என்பதை இந்த அக்காவைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் அந்த ஊரில் யாரும் இல்லை.

“அப்பா எழுந்துட்டாரா?” என்றாள் பெண், மூன்றாவது டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு.

அக்கா உள்ளதைச் சொன்னாள். அப்பா போய்ப் பதினைந்து வருஷமாச்சு என்றாள். பெண் டம்ளரை வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். தங்கை அந்தச் சாவுக்கு அழுததை அக்கா அதுவரை பார்த்ததில்லை. தெருவில் நின்றபோது முகம் கல்லாக இருந்தது என்றுதான் எல்லாரிடமும் சொல்லிவந்திருந்தாள். “எங்கிட்ட ஏன் சொல்லல?” என்று பெண் கேட்டாள். புதன்கிழமை காலை மறுபடி மூன்று டம்ளர், அதே கேள்வி, அதே அழுகை, முந்தின நாள் அழுததன் சாயல்கூட இல்லாத புத்தம்புது அழுகை. வியாழக்கிழமை அக்கா, “தூங்கறார், எழுப்பாதே” என்றாள். பெண் தட்டால் டம்ளரை மூடிவைத்துவிட்டு, கால் சத்தம் கேட்காமல் நடந்தாள். நாள் முழுக்க அப்படியே நடந்தாள். மாலையில் வேலை முடிந்து வந்தவள் அதைப் பார்த்துவிட்டு முற்றத்தில் போய் நின்றுகொண்டாள், கொடியில் எடுக்க வேண்டிய துணி எதுவும் இல்லை.

சனிக்கிழமை வந்தால் இவளும் போய்விடுவாள். தங்கவைக்க வேண்டுமென்றால் இவளைப் புதிதாகப் பதிவில் சேர்க்க வேண்டும். ஆனால் ஒரே பெயரும் ஒரே பிறந்த தேதியும் உள்ள இரண்டு பேரை நிரல் உள்ளே விடாது, அந்தத் தடுப்பை எழுதியவளே அவள்தான். யாருடையதையாவது மாற்ற வேண்டும். பெண்ணின் பெயரை மாற்ற மனம் வரவில்லை. தேதியைக் கற்பனையாக மாற்றலாம் என்று விரலை வைத்துவிட்டு எடுத்துவிட்டாள், இவ்வளவு காலம் ஊர்க்காரர்கள் யாருக்கும் அப்படிச் செய்ததில்லை. மற்றப் பதிவு பட்டறையில் இருக்கும் தங்கையின் சொத்து, அவளைக் கேட்காமல் தொட முடியாது. வெள்ளிக்கிழமை மாலை பெண்ணைக் கூட்டிக்கொண்டு பட்டறைக்கு நடந்தாள்.

பட்டறையில் ஒரு லாரி நின்றது. அதன் அடியிலிருந்து பட்டறைக்காரரின் இரண்டு கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. தங்கை வாசலில் ஒரு முக்காலியில் உட்கார்ந்து மண்ணெண்ணெயில் பழைய போல்ட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தவள் அக்காவைத் தாண்டிப் பெண்ணைப் பார்த்தாள்.

“யாரும்மா நீ?”

“உங்க பழைய அட்ரஸ்,” என்றாள் பெண்.

தங்கையின் கை, எண்ணெயோடு, தன் புருவத்துக்குப் போயிற்று. ரொம்ப நேரம் அந்த வெட்டைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு பெண்ணிடம், “அவ எதுக்கு வந்திருக்கான்னு கேளு” என்றாள்.

பெண் திரும்பினாள். “நீ எதுக்கு வந்தேன்னு கேக்கறாங்க, அக்கா.”

அக்கா பெண்ணைப் பார்த்துச் சொன்னாள். நாளைக்குச் சாயங்காலம் இயந்திரத்தை நிறுத்துவார்கள், அதற்குள் இவளைச் சேர்க்க வேண்டும், இரண்டு பேருக்கும் பெயரும் தேதியும் ஒன்றாக இருந்தால் சேராது. பெண் அதைத் தங்கையிடம் எடுத்துச் சொன்னாள், ஒரு வார்த்தை விடாமல்.

“சேர்க்காட்டி?”

இதற்குப் பெண் அக்காவைக் கேட்கவில்லை. “நான் இருக்க மாட்டேன்,” என்றாள், குழாயின் அளவைச் சொல்வதுபோல.

தங்கை ஒரு போல்ட்டை எடுத்தாள், கழுவினாள், ஏற்கெனவே கழுவியவற்றின் பக்கம் வைத்தாள். லாரிக்கு அடியில் ஸ்பானர் சத்தமும் நின்றிருந்தது.

“அவகிட்ட சொல்லு. அந்தத் தேதியே என்னோடது இல்ல. ஸ்கூல்ல சேர்க்கறதுக்காக அப்பா வயசைக் கூட்டிச் சொன்னது. நான் பொறந்தது மழைக்காலத்துல. அம்மா சொல்லியிருக்கா.”

“எந்த நாள்னு கேளு.”

“எனக்கெப்படித் தெரியும்? நான் அப்பத்தான பொறந்தேன்! பெரியவ அவதான? அவளுக்குத்தான் தெரியணும்.”

அக்கா யோசித்தாள். அப்போது அவளுக்கு ஏழு வயது. யோசிக்க யோசிக்க அந்த நாள் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது, முதலில் தகரக் கூரையில் மழைச் சத்தமாக. “அன்னிக்கு அரைப்பரீட்சை கடைசி நாள். டிராயிங் பரீட்சை. ஒரு வீடு வரைஞ்சேன். பரீட்சை முடிஞ்சு எல்லாரும் போயிட்டாங்க, என்னைக் கூப்பிட யாரும் வரல. வாட்ச்மேன் கூடவே நின்னேன். அப்பா வரும்போது தொப்பலா நனைஞ்சிருந்தார், ஆனா சிரிச்சுக்கிட்டே வந்தார். வீட்டுக்கு வந்தா நீ இருந்தே.”

அந்த ‘நீ’ யாரைச் சொன்னது என்று யாரும் கேட்கவில்லை. பெண்ணும் இந்த ஒன்றை எடுத்துச் சொல்லாமல் சும்மா நின்றாள். அரைப்பரீட்சை எப்போதும் டிசம்பர் இருபத்திரண்டில் முடியும் என்பது அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்த எல்லாருக்கும் தெரியும்.

லாரிக்கு அடியிலிருந்து குரல் வந்தது. “அப்ப உனக்கு இன்னும் நாப்பது ஆகலையா?”

“ஆகல,” என்றாள் தங்கை, கறாராக.

சனிக்கிழமை காலை, சிஸ்டம் மேடம் தங்கையின் ஆப்ஜெக்டிடம் பிறந்த தேதியை மாற்றிக்கொள்ளச் சொன்னாள், அது மாற்றிக்கொண்டது. அப்பா கூட்டிச் சொன்ன தேதி பெண்ணுக்கு மிஞ்சியது. அவளிடம், உன்னைச் சேர்த்துக்கொள் என்றாள். முகவரியில் அதே வீடு, உறவில் தங்கை, வீட்டில் உள்ளோர் என்ற கட்டத்தில் மட்டும் இரண்டு என்று போட்டாள். திரை ஒரு புது எண்ணைக் காட்டியது. ஆனாலும் அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. மதியமே வீட்டுக்கு வந்து கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தாள், பெண் கண்ணைவிட்டு மறையாதபடி. அந்த வாரத்து விருந்தாளிகள், ஒரு பூட்டு ரிப்பேர்காரரும் ஒரு பேருந்து நடத்துநரும், எதிரே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். பெண் கழுவிய டம்ளர்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். மாலையானதும், நடத்துநர் டம்ளரை உதட்டுக்குக் கொண்டுபோனார், பாதி வழியில் அவர் இல்லை, டம்ளர் பெஞ்சில் விழுந்து உருண்டது. பூட்டுக்காரரும் இல்லை. பெண் உருண்ட டம்ளரைப் பிடித்து, சிந்திய டீயைத் துடைத்தாள். “பாத்து வைக்கக் கூடாதா இவங்க,” என்றாள். அக்கா நாற்காலியின் கையைப் பிடித்திருந்த பிடியை விடக் கொஞ்ச நேரமாயிற்று.

மறுநாள் காலை பெண் இரண்டு டம்ளரில்தான் டீ ஊற்றினாள். அப்பாவைக் கேட்கவில்லை. அக்கா முதலில் அப்பாடா என்று மூச்சு விட்டாள். டீயைக் குடித்து முடிப்பதற்குள், அந்த மனிதர் எழுந்துவிட்டாரா என்று கேட்க இனி இந்த வீட்டில் யாரும் இல்லை என்பது உறைத்தது.

அதன் பிறகு சொன்னது பெண்ணிடம் தங்கியது. இரட்டைப் பதிவுகள் ஒரு வருடத்துக்குள் தீர்ந்துபோயின, கதவைத் தட்ட யாரும் வருவதில்லை, டம்ளர்கள் அலமாரியின் மேல்தட்டுக்குப் போயின. பெண் கடைத்தெருவில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். பதிவின்படி அவளுக்கு நாற்பது வயது, பார்த்தவர்கள் உடம்பை நன்றாக வைத்திருக்கிறாள் என்று சொல்லிவிட்டு வேலை கொடுத்தார்கள். குடிநீர் வாரியம் அவளுக்குத் தனி அட்டை அனுப்பியது. தெருக்காரர்கள் அவளை அக்காவின் தங்கை என்றார்கள், பட்டறைக்காரியையும் அக்காவின் தங்கை என்றார்கள், எந்தத் தங்கை என்று கேட்டால் கண்ணாடிக்கடைத் தங்கை, பட்டறைத் தங்கை என்று பிரித்துச் சொன்னார்கள். அதில் யாருக்கும் குழப்பம் வந்ததாகத் தெரியவில்லை.

பெண் கடையில் சேர்ந்து சில வாரம் கழித்து ஒரு புதன்கிழமை நான்கு மணிக்குப் பட்டறைத் தங்கை வந்தாள். கடைக்கு அன்று அரைநாள் விடுமுறை. பெண்ணைப் பார்க்கத்தான் வந்தாள், அதை வாசலிலேயே பெண்ணிடம் தெளிவாகச் சொன்னாள், உள்ளே கேட்கும்படி. அதிலிருந்து புதன்கிழமைதோறும் வந்தாள். தன்னுடைய இருபத்துமூன்று வயதின் எதிரே உட்கார்ந்து, தலையை ஒழுங்காகத் துவட்டு, சளி பிடிக்கும், எனக்குத் தெரியாதா என்பாள். அக்கா டீ கொண்டுவந்து வைத்துவிட்டுத் தள்ளிப்போய் ஜன்னல் ஓரம் உட்காருவாள். சர்க்கரை கூடிப்போச்சுன்னு அவகிட்ட சொல்லு என்பாள் தங்கை. நாக்கு நீளமாயிடுச்சுன்னு அவகிட்ட சொல்லு என்பாள் அக்கா. பெண் இரண்டையும் அந்தந்தத் தொனியோடு கொண்டுபோய்ச் சேர்ப்பாள். எலுமிச்சை விலை, முழங்கால் வலி, பட்டறைக்காரரின் ரத்த அழுத்தம், குழாயில் வரும் துருத்தண்ணி எல்லாம் இப்படித்தான் கூடத்தின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குப் போயின.

ஒரு புதன்கிழமை தங்கை டீயைத் தொடவில்லை. “அவகிட்ட கேளு,” என்றாள் பெண்ணிடம். “அப்பா கடைசியில என்னைக் கேட்டாரான்னு.”

பெண் கேட்டாள். ஜன்னலுக்கு வெளியே யாரோ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அவர்கள் தெருமுனை திரும்புகிறவரை அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கேட்டார்னு சொல்லு. பேச்சு நின்னப்புறமும் கதவையே பார்த்துக்கிட்டிருந்தார்னு சொல்லு. நான் கதவுக்கு முன்னாடி உக்காந்திருந்தேன், என்னைப் பார்க்கறார்னு நினைச்சுக்கிட்டேன்னு சொல்லு.”

பெண் எடுத்துச் சொல்லத் தொடங்கினாள், பாதியில் அழுதுவிட்டாள், அவளுக்கும் அவர் அப்பாதானே. பட்டறைத் தங்கை எழுந்து வந்து அவள் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். “அழாதேடி. நீ என்ன பண்ணுவே. உனக்குத் தெரியாதில்ல,” என்று தன் புடவைத் தலைப்பால் தன் முகத்தையே துடைத்துவிட்டுக்கொண்டிருந்தாள். அங்கே அக்கா செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை. ஆறிப்போன டம்ளர்களை எடுத்துக்கொண்டு சமையல்கட்டுக்குப் போனாள். குழாயைத் திறந்துவிட்டு, கழுவாமல், தண்ணீர் ஓடுகிற சத்தத்தில் நின்றாள்.

இப்படி ஆறேழு வருடம் போயிற்று. பெண்ணுக்கு முப்பது ஆயிற்று, பதிவின்படி நாற்பத்தேழு. கண்ணாடிக் கடைக்காரர் கடலோர ஊர் ஒன்றில் கிளை திறந்தார், அதைப் பார்த்துக்கொள்ள நம்பகமான ஆள் வேண்டுமென்று அவளைக் கேட்டார். அவள் அக்காவிடம் நேராகவே சொன்னாள், போகணும்போல இருக்கு என்று. இந்த முறை வாசலில் வைத்து அக்கா எதுவும் சொல்லவில்லை. போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு என்றாள். ரயிலடிக்குப் பட்டறைத் தங்கையும் வந்திருந்தாள். ரயில் நகர்ந்த பிறகு இரண்டு பேரும் ஒரே தெருவழியே, ஒருத்தி இந்த ஓரமாகவும் ஒருத்தி அந்த ஓரமாகவும், திரும்பி நடந்தார்கள். பெண் போய்ச் சேர்ந்து போன் பண்ணினாள். முதலில் ஞாயிற்றுக்கிழமைதோறும் பண்ணினாள், பிறகு நினைத்தபோது பண்ணினாள். அங்கே அவளுக்கு நிறைய வேலை, நிறையச் சிநேகிதர்கள்.

அந்த ஊர்க் குடிநீர் வாரியத்திலிருந்து பதிவை மாற்றித்தரச் சொல்லிக் கேட்டு வந்தது. அதற்குள் இங்கே நிரலையே மாற்றிவிட்டிருந்தார்கள். வெளியூர்க் கம்பெனி ஒன்று போட்டுக்கொடுத்த புது ஏற்பாடு, அதில் ஆப்ஜெக்ட் என்று எதுவும் நின்றுகொண்டிருப்பதில்லை, வரி அழிந்தால் அழிந்ததுதான். சிஸ்டம் மேடம் பெண்ணின் வரியை அழித்தாள். அன்று மாலை கதவைச் சாத்தாமல் வைத்துக்கொண்டு, தெருவிளக்குகள் எரிகிறவரை கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். யாரும் வரவில்லை. எழுந்து போய் ஒரு டம்ளர் டீ போட்டுக் குடித்தாள்.

அடுத்த நாள் புதன்கிழமை. நான்கு மணிக்குப் பட்டறைத் தங்கை வந்தாள். பெண் ஊருக்குப் போனதிலிருந்து வராமலிருந்தவள், அது தெரியாதவள்போல நேரே உள்ளே வந்து, வழக்கமான இடத்தில் உட்கார்ந்துகொண்டாள். அக்கா டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு ஜன்னல் ஓரம் போய் உட்கார்ந்தாள். இருவருக்கும் நடுவில் பெண்ணின் பிரம்பு நாற்காலி இருந்தது. சுவர்க் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. தங்கை டீயைக் குடித்து முடித்தாள், டம்ளரைக் கீழே வைத்தாள், நாற்காலியின் பக்கம் திரும்பினாள்.

“இன்னிக்கு சர்க்கரை சரியா இருக்குன்னு அவகிட்ட சொல்லு.”

அக்கா ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டாள்.

“மாடிப்படி இறங்கி ஏறினா முட்டி விண்ணு விண்ணுன்னு வலிக்குது,” என்றாள் தங்கை நாற்காலியிடம். “அடுத்த வாரம் என்னால வர முடியாது. அவளை வரச் சொல்லு.”

தங்கை எழுந்து, புடவையைச் சரிசெய்து, செருப்பில் காலை நுழைத்தாள்.

“எத்தனை மணிக்குன்னு கேளு,” என்றாள் அக்கா.

“நாலு மணிக்குன்னு சொல்லு,” என்றாள் தங்கை.